ஒரு கை நீண்ட சட்டை

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் வளர்ந்தவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. நீலமும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு போட்ட, முழங்காலைத் தொடும் பனியன் துணிச் சட்டை ஒன்று உங்கள் வீட்டில் இருந்ததா? அதன் இடது கையை மட்டும் யாரோ கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டிய ஓரம் சுருட்டிக்கொண்டு நின்றதா? இருந்தது என்றால், அதை உங்களுக்குப் போட்டுவிடும்போது உங்கள் அம்மா சிரித்திருப்பார். "எந்த மகராசி தைச்சாளோ" என்று சொல்லியிருப்பார். அந்த மகராசி என் அத்தை. ஆனால் அவள் அப்படித் தைக்கச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த வயதில் உட்கார்ந்திருக்கிறேன். நமக்கெல்லாம் முட்டி வலி வந்துவிட்டது. என் கோபம் மட்டும் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறது.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். பத்தாவது முடித்த கையோடு பனியன் கம்பெனிக்குப் போனவளுக்கு, நான் சொல்லும் அந்தக் கோடையில் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் முதுகைப் பார்த்துவிட்டு, "தோளு அரை இஞ்ச் எறங்கியிருக்குது பாரு" என்பாள். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட அவள் கண் ஐயரின் வேட்டிக் கரையில் நிற்கும். துணி அவளிடம் பேசும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அவளுக்குப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே ஆசை இருந்தது. சாம்பிள் ரூம். கம்பெனியில் வேலை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த ஆர்டரும் ஒரே ஒரு சட்டையில்தான் ஆரம்பிக்கும். சரக்கு வாங்கும் பையருக்குக் காட்டுவதற்காக அதைத் தைக்கும் சின்ன அறைதான் சாம்பிள் ரூம். ஒரு மெஷின், ஒரு மேஜை, தலைக்கு மேல் தனியாக ஒரு ஃபேன். ஆனால் அத்தைக்கு ஃபேன் முக்கியமில்லை. அந்த நாற்காலியில் இருப்பவரிடம்தான் "இது எப்படி வரணும்?" என்று கேட்பார்கள். ஓவர்லாக் வரிசையில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். துண்டு வரும், ஓட்டித் தள்ள வேண்டும். அந்த அறையில் அதுவரை ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள். அந்தக் கோடையில் சாம்பிள் டெய்லர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால் நாற்காலி காலியாக இருந்தது.

எனக்கு ஒன்பது வயது. முழுப் பரீட்சை லீவு. வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மாள் கம்பெனிக்கு வந்தார். அவர் ஊரில் ஒரு பெரிய நாடக அரங்கு. ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டிலேயே பேசிக்கொள்ளும் பழைய சிரிப்பு நாடகம் ஒன்றை அங்கே மறுபடி மேடையேற்றப் போகிறார்களாம். அதில் வரும் கிழவர், படுக்கப் போகும்போது கோடு போட்ட நீளச் சட்டை ஒன்று போட்டிருப்பார். அதே மாதிரி சட்டைகளைத் தைத்து, நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கு வாசலில் விற்க வேண்டும். அதுதான் ஆர்டர். மேடைச் சட்டை அரங்கின் பெட்டியில் பூட்டிக் கிடப்பதால் கொண்டுவர முடியவில்லை. அதனால் முன்பு ஒரு முறை அந்த நாடகம் நடந்தபோது பிடித்த வீடியோ கேசட்டைக் கொடுத்தார். நாள் குறைவு, சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்க நேரமில்லை, இந்தக் கேசட்டே சாம்பிள் என்றார். மார்பளவும் நீளமும் எழுதிய கடிதம் ஒன்றும் வந்தது. கேசட் போடும் டெக்கின் நெற்றியில் சிவப்பாக ஒரு நம்பர் ஓடுமே, அந்த நம்பர் இத்தனையில் நிறுத்தினால் சட்டை நன்றாகத் தெரியும் என்று கடிதத்தின் அடியில் குறித்திருந்தார்.

எங்கள் தெருவில் டெக் இருந்தது முதலாளி வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேசட்டைப் போட்டார்கள். இங்கிலீஷ் படம் என்று நினைத்துத் தெருவில் பாதி அந்த ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டது. மொசைக் தரை சில்லென்றிருந்தது. டிவியின் மரக்கதவைத் திறந்து, பூ வேலை செய்த உறையை மடித்து வைத்தார் முதலாளியின் மனைவி. சாயப்பட்டறைத் தண்ணீரின் நெடி ஜன்னல் வழியாக வந்தது. அதையும் மீறி டெக் சூடாகும் ஒரு வாசனை. எனக்கு அது பணக்கார வாசனை.

திரை விலகியது. ஒரு பெரிய வீட்டின் கூடம் போல மேடை. இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒரு வேலைக்காரப் பெண் வந்து நின்று பாட ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. குரல் மேலே போனது, இன்னும் மேலே போனது, இனி வழியில்லை என்று நாங்கள் நினைத்த இடத்துக்கும் மேலே போனது.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்குப் பல்லு வலியாங்க? இப்படிக் கத்தறா?" என்று முதலாளியின் மனைவி கேட்டார். ஹாலே சிரித்தது. கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் அத்தையும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

கட்டிங் மாஸ்டர் அன்று மாலை வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நல்ல தொழில்காரர். ஆனால் கையில் ஒரு சட்டை இருந்தால்தான் அவர் கத்தரி ஓடும். சட்டையை அட்டை மேல் விரித்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டுவார். படத்தைப் பார்த்து வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். முதலாளி யோசித்தார். பிறகு அத்தையைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீ கூர்மையாப் பாக்கறவ. நீ அட்டையில ஒரு பேட்டர்ன் போட்டுக் குடு. இது மட்டும் சரியா அமைஞ்சு போச்சுன்னா அந்த சாம்பிள் மெஷினு உன்றதுதான்."

அத்தை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது, சோற்றைப் பிசைந்த கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் முதலாளி வீட்டுக்குப் போய்க் கேசட்டைப் பார்க்க அவளுக்கு அனுமதி. முதலாளியின் மனைவி உள்ளறையில் தூங்குவார். சத்தத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டு நாங்கள் பார்ப்போம். அத்தையின் கைகளில் அட்டையும் பென்சிலும் இஞ்ச் டேப்பும் இருக்கும். பட்டனை அமுக்குவது என் வேலை. நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு துடிக்கும். "கொஞ்சம் பொறகால போ கண்ணு. இன்னொருக்கா திரும்பட்டும்" என்பாள். அந்தக் கிழவர் முதுகைக் காட்டுவது மொத்தம் ஒரு தடவை. அந்த முதுகை நாங்கள் எத்தனை முறை திருப்பியிருப்போம் என்று கணக்கில்லை.

ஒரு சொல் புரியாத அந்த நாடகத்தின் கதையை அத்தை துணியிலிருந்து படித்துச் சொன்னாள். "கெழவன் காலையில சாதாச் சட்டை போட்டிருந்தான். இப்பப் பாரு, கழுத்துல லேஸ் வந்துருச்சு. கண்ணாலம் கட்டிக்கப் பாக்கறான்." யாரை என்று கேட்டேன். "சாவிக்கொத்து வச்சிருக்கறவளத்தான். ஆனா அவ தோட்டக்காரப் பையனுக்குத்தான் பட்டன் தைச்சுக் குடுத்திருக்கா. அவன் சட்டையில ஒரு பட்டன் மட்டும் வேற கலரு." நான் டிவிக்கு அருகில் போய்ப் பார்த்தேன். ஆமாம், ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். நோம்பிக்குக் கோயிலில் போடும் நாடகத்தில் கோமாளி வந்தால் நாம் எப்படிச் சிரிப்போமோ, அந்த வெள்ளைக்காரர்களும் அப்படியே சிரித்தார்கள். சத்தத்தை லேசாக வைத்தால், முகம் தெரியாத ஒரு கூட்டம் சிரிப்பது கேட்கும்.

நான் காத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. கிழவர் கோடு போட்ட சட்டையோடு படுக்கப் போவார். வேலைக்காரப் பெண் அவர் இடது கையைப் பிடித்து இழுப்பாள். அவ்வளவுதான், சட்டைக் கை சரசரவென்று இறங்கி முழங்கால் வரைக்கும் தொங்கும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு துரத்துவார், தடுக்கி விழுவார். அவள் அந்தத் தொங்கும் கையை மேஜைக் காலில் முடிச்சுப் போட்டுவிட்டுத் தோட்டக்காரனோடு ஓடிவிடுவாள். நான் தரையில் புரண்டு சிரிப்பேன்.

அத்தை சிரிக்கவில்லை. "நிறுத்து" என்றாள். டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "தோளுக்குக் கீழ புடைச்சிருக்குது பாரு. அதிகத் துணிய உள்ளுக்குள்ள ரெண்டு மடிப்பா மடிச்சு, மேல ஓட்டுத் தையல் போட்டிருக்காங்க. அவ நூலோட நுனியப் புடிச்சு இழுக்கறா. அதான் அவுந்து எறங்குது. நெசச் சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே நீளம்தான். இது கோமாளி வேலைக்காகப் பண்ணுனது." கண்டுபிடித்த சந்தோஷத்தில் என் தலையில் தட்டினாள்.

கிழவர் கட்டுண்டு கத்த, திரை விழும். திரை விழுந்தால் முடிந்தது. நாம் எல்லாரும் டூரிங் டாக்கீஸில் வளர்ந்தவர்கள்தானே? கடைசி எழுத்து வருவதற்கு முன்பே எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வாசலுக்கு நடக்கிற ஊர். திரை விழுந்ததும் நான் நிறுத்துவேன், திருப்பி ஓட்டுவேன். அது ஓடி முடிக்கிற வரைக்கும் பொழுது போகாமல், கேசட் மேல் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்து அட்டையின் மூலையில் பென்சிலால் எழுதிப் பழகுவேன். அத்தை முதல் நாள் திட்டினாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

அட்டை தயாரானது. அதை வைத்து ஒரு சட்டை தைத்தாள். முதலாளி அதைத் தன் வெள்ளைச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். "அப்படியே கெழவனாட்டவே இருக்கறேன்" என்றார். அத்தை அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தாள், தனக்கும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாஸ்டர் முதலாளி வீட்டுக்குப் போய்க் கடிதத்தில் இருந்த நம்பருக்குக் கேசட்டை ஓட்டி நிறுத்தினார். பார்த்தார். நேராகக் கம்பெனி ஆபீசுக்கு வந்தார். முதலாளி அத்தையையும் அங்கே கூப்பிட்டார். அத்தைக்கு மதியச் சோறு கொண்டுபோன நான் தூக்குப்போசியோடு வாசலில் நின்றிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"பையர் எழுதுன நம்பர்ல ஒரு கை முழங்காலுக்குக் கெடக்கு. இந்தம்மா ரெண்டையும் ஒண்ணாப் போட்டிருக்கு" என்றார் மாஸ்டர்.

"அது வெளையாட்டுக்குங்க மொதலாளி. அதுக்கு முந்தியெல்லாம் ரெண்டு கையும் சமமாத்தானுங்க இருக்குது. நூல இழுத்தா எறங்கற மாதிரி மடிச்சுத் தைச்சிருக்காங்க. நீங்க வந்து ஒருக்கா முழுசாப் பாத்துருங்க" என்றாள் அத்தை.

"அத ஆரு உக்காந்து பாக்கறது? கேட்டாலே தலை நோகுது."

"அப்ப அந்தம்மாளுக்கு ஒரு டெலக்ஸ் தந்தி குடுத்து ஒரு வார்த்தை கேட்டுருங்க."

"பையருகிட்டக் கேள்வி கேட்டா நமக்குத் தொழில் தெரியாதுன்னு நெனைச்சுக்குவாங்க அம்மிணி" என்றார் முதலாளி.

இந்த ஒரு வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று நம் ஊரின் சட்டமே இதுதான். சாம்பிள் எப்படியோ சரக்கும் அப்படியே. கேட்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. எப்போதோ ஒரு பையரின் சாம்பிளில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிற நூலில் தைத்திருந்ததாம். அதையும் விடாமல் எல்லாச் சட்டையிலும் அப்படியே தைத்து அனுப்பி மாஸ்டர் பாராட்டு வாங்கியிருந்தார். அந்தப் பாராட்டை அவர் கடைசி வரைக்கும் சுமந்தார். அவர் முட்டாள் இல்லை. பார்த்ததை அப்படியே செய்து பிழைத்தவர். ஆனால் ஒரு நாடகத்தில் ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தவரின் பேச்சு, பத்து நாள் பார்த்தவளின் பேச்சை விட எப்படி ஐயா எடை கூடியது? அவர் ஆம்பளை, மாஸ்டர் என்று பெயர். வேறு காரணம் இருந்தால் யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். "கண்ணு, இங்க வா. நீதான் தெனமும் கூட இருந்தியாமா. அந்தத் தாத்தாவோட சட்டைக் கை எப்படி இருந்துச்சு, சொல்லு பாக்கலாம்."

அத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் என்னை ஒருவர் கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடத்தைப் பற்றிக் கேட்கிறார். போசியைக் கீழே வைத்தேன். இடது கையைத் தொங்கப் போட்டு, கூன் போட்டு, தடுக்கித் தடுக்கி ஆபீசைச் சுற்றி நடந்து காட்டினேன். "இங்க வரைக்கும் தொங்குமுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா அம்மிணி, கொழந்தைக்கே தெரியுது."

அத்தை என்னைத் திட்டவில்லை. போசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது என்று அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் தைத்தவளை மறுக்க ஒன்பது வயதுக் குழந்தை போதும் என்று நினைத்த ஆபீஸ் அது.

மாஸ்டர் அத்தையின் அட்டையில் இடது கைத் துண்டின் நுனியில் இன்னொரு அட்டையை மைதாப் பசையால் ஒட்டினார். வெட்டு ஆரம்பமானது. அத்தை ஓவர்லாக் மெஷினுக்குத் திரும்பிப் போனாள். அந்த நீளக் கைகளைத் தோளோடு சேர்த்துத் தைக்கும் வேலை அவள் வரிசைக்கே வந்தது. மடித்துப் பெட்டி கட்டும் பெண்கள் "இதென்னக்கா, யானைக்குத் தும்பிக்கை தைக்கறமா?" என்று அவளைத்தான் கேட்டார்கள்.

முதல் லாட் விமானத்தில் போனது. மீதி கோடவுனில் இருந்தபோது டெலக்ஸ் வந்தது. ஆர்டர் ரத்து. அந்த அம்மாள் என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது. முதலாளி கம்பெனி நடுவில் நின்று கத்தியது தெரியும். அதே கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவே வீட்டில் வந்து சொன்னார்.

அத்தை சுவரில் ஆணியில் தொங்கிய அட்டையைக் கழற்றி முதலாளியின் மேஜையில் வைத்தாளாம். "ஒட்டுப் போட்ட எடம் பாருங்க. நான் வெட்டுனது இதோட முடியுதுங்க" என்றாளாம். முதலாளி அட்டையைப் பார்க்கவில்லை. "பேட்டர்ன் போட்டது நீதான? பொம்பளைகிட்டக் குடுத்தேன் பாரு, அது என்ற தப்பு" என்றாராம். இந்த முழு விவகாரத்தில் அவர் ஒத்துக்கொண்ட தப்பு அது ஒன்றுதான். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாராம்.  

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எல்லாத்துக்கும் முந்தி முந்திப் போனா இப்படித்தான்." சொந்த அண்ணன். அவர் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. அவர் திதியன்றுகூட எனக்கு இந்த வார்த்தை நினைவுக்கு வருகிறது. கோபம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

அத்தை வேலையை விட்டாள். அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். சாம்பிள் மெஷினில் மாஸ்டரின் மச்சினன் உட்கார்ந்தான்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள். மீதிச் சரக்கை வாங்கக் காதர்பேட்டையிலிருந்து ஒரு பாய் வந்தார். ஒரு சட்டையை எடுத்து உதறினார். "இந்தக் கைய மட்டும் வெட்டிட்டா நல்ல சட்டைதானுங்களே மொதலாளி. ரெண்டும் ஒரே நீளந்தான இருக்கோணும்?" என்றார். "அதானே!" என்றார் முதலாளி. அதானே! அத்தை பத்து நாள் பார்த்துச் சொன்னது காதில் ஏறவில்லை. வாங்க வந்தவர் ஒரே உதறலில் சொன்னதும் ஏறிவிட்டது.

அப்படித்தான் அந்தச் சட்டைகள் நடைபாதைக் கடைகளுக்கு வந்தன, உங்கள் வீடுகளுக்கும் வந்தன. கோமாளிச் சட்டை என்று ஊர் பெயர் வைத்தது. வெட்டிய கைகள் எங்கெங்கே போயின என்று நினைத்துப் பாருங்கள். கரித்துணி, சாணை பிடிக்கிறவரின் பை, கொசுவுக்குப் பயந்து தூங்கும் குழந்தையின் காலுறை. என் பள்ளியில் ஒருத்தி அதன் ஒரு முனையைத் தைத்து ஸ்கேல் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வீடு கத்தரியை எடுத்து, அத்தை சொன்னபடி இரண்டு கையையும் சமமாக்கிக்கொண்டார்கள். சமமாக்கிக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால், "கோமாளிச் சட்டைக்காரி வரா" என்பார்கள்.

எங்கள் அம்மாவும் எனக்கு ஒன்று வாங்கி வந்தார். அத்தை இல்லாத நேரமாகப் பார்த்து வெட்டத் தொடங்கினார். பாதி வெட்டும்போது அத்தை உள்ளே வந்துவிட்டாள். அம்மாவின் கை நின்றுவிட்டது. அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்படியே ஒட்ட வெட்டாதீங்க அண்ணி, பனியன் துணி ஓரம் சுருட்டிக்கும். மடிக்கறதுக்கு ரெண்டு இஞ்ச் விடுங்க" என்று கத்தரியை வாங்கிக்கொண்டாள். தானே வெட்டி, தானே ஓரம் அடித்துக் கொடுத்தாள். திருப்பூரிலேயே ஓரம் சுருளாத கோமாளிச் சட்டை என்னுடையது மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு நான் சிரித்து விளையாடினேன். அதற்கு மட்டும் என்னை நான் மன்னித்ததில்லை.

கேசட்டாவது மிஞ்சியதா? முதலாளியின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. புதுக் கேசட் எதற்கு வீணாக என்று, மேலே பதிவு ஏறாமல் காக்கும் அதன் ஓரத்து ஓட்டையில் செலோ டேப் ஒட்டி, வளைகாப்பை அதன் மேலேயே ஏற்றிவிட்டார்கள். கிழவர், சாவிக்கொத்து, தோட்டக்காரன் எல்லாம் போயிற்று. வளையல் அடுக்குகிற சத்தம்தான் மிச்சம்.

பிறகு ஒருநாள், காலேஜ் ஹாஸ்டலில் டெக் வாடகைக்கு எடுத்தோம். பிடித்த ஒரு பாட்டு வரும் நம்பரை நான் தோழி வீட்டில் குறித்து வைத்திருந்தேன். அதே கேசட், அதே நம்பர். நிறுத்தினால் சண்டைக் காட்சி வருகிறது. "ஒரு டெக்கோட நம்பரு இன்னொரு டெக்குல வராதுடி, பைத்தியமே" என்றாள் ஒருத்தி. எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாளின் டெக்கில் அந்த நம்பரில் இரண்டு கையும் சமமாக, கிழவர் நேராக நின்றிருப்பார். எங்கள் முதலாளி டெக்கில் அது கோமாளி வேலை நடக்கும் இடத்தில் போய் நின்றிருக்கிறது. எதையும் மாற்றாமல் நம்பிய அந்த நம்பரே பொய். ஒரு டெலக்ஸ் கேட்டிருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும்.

அத்தை அப்புறம் தாராபுரத்தில் ஓர் அறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். அங்கேயே கல்யாணம் ஆனது. இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. போன மாதம் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியில் எதையோ தேடும்போது பழைய பாயில் சுருட்டிய அட்டை வந்தது. மைதாப் பசையைப் பூச்சி அரித்து, ஒட்டுத் துண்டு தனியாகக் கழன்றிருந்தது. மூலையில் என் கோணல் எழுத்துகள்.

என் மகள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக மொபைலில் தட்டினாள். அதே நாடகம் எத்தனையோ பேர் போட்டது வந்தது. நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டையைத் தேடித் தேடி, கடைசியில் ஒன்று கிடைத்தது. நிறம் வெளிறிய பழைய பதிவு. சாவிக்கொத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மதிய நேரத்தில் அத்தையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். சத்தம் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. இப்போது கேட்கையில் அந்தப் பெண் எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறாள்! தோட்டக்காரனின் வேறு நிறப் பட்டன் வந்தது. சட்டைக் கை இறங்கியது. முடிச்சு விழுந்தது. திரை விழுந்தது. என் கட்டை விரல் பழக்கத்தில் நிறுத்தப் போனது.

"இரு கண்ணு, இன்னும் ஓடுதே" என்றாள் அத்தை.

திரை மறுபடி விலகியது. நடித்தவர்கள் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். கடைசியாகக் கிழவர் வந்தார். தொங்கும் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். கூட்டம் சிரித்தது. அவர் நிதானமாக, துணிக்கடைக்காரர் மடிப்பது போல, அந்தக் கையை உள்பக்கமாக மடித்தார். மறுபடி மடித்தார். இன்னொரு முறை மடித்துத் தோளுக்கடியில் செருகினார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். இரண்டும் ஒரே நீளம். குனிந்து வணங்கினார்.

நான் கத்திவிட்டேன். "பாத்தீங்களா அத்தை! கேசட்டுலயே இருந்திருக்கு! ரெண்டு நிமிஷம் சேத்து ஓட்டியிருந்தா! அந்த மாஸ்டரு, அந்த மொதலாளி, நம்ம அப்பா, ஒருத்தராவது..."  பிறகு முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் சொல்லாததையும் சொன்னேன். "நானும்தாங்க அத்தை. ஆபீசுல அப்படி நடந்து காட்டுனேன். நிறுத்துனதும் நான்தான்."

"நீ பாத்ததத்தான சொன்ன" என்றாள். "அவியெல்லாம் இதைப் பாத்திருந்தாலும் ஒத்துக்க மாட்டாங்க கண்ணு. திருப்பி ஓட்டு."

ஓட்டினேன். மறுபடி ஓட்டச் சொன்னாள். மூன்றாம் முறை மொபைலைக் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். முதலாளி, மாஸ்டர், அப்பா என்று எத்தனை பேர் அந்தச் சட்டையைத் தொட்டார்களோ, அத்தனை பேரையும் நான் மனதுக்குள் நிற்க வைத்திருந்தேன். அவள் சொல்லப்போவதை அவர்கள் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"நான் ரெண்டு மடிப்புன்னு சொன்னேன். மூணு மடிப்பு" என்றாள் அத்தை. "என்ற தப்புத்தான்."